உறுமியும் ருத்ராவும்

எனக்கு முதன்முதலில் பிளாக் மெட்டல் கேட்கக் கொடுத்தவர் மாமா. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பிறந்து, ஈப்போவில் லோரி ஓட்டியவர். பேனாவால் பெயர் எழுதிய காப்பி கேசட். பால்மரம் சீவியே வாழ்ந்த பாட்டி, “யார்டா அது, சாமி வந்தவன் மாதிரி கத்துறான்?” என்றார். அன்று சிரித்தோம். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இன்னும் படிக்கவில்லை.

இந்த இசையைவிட அதன் கெட்ட பெயர்தான் முதலில் ஊர் வந்து சேர்ந்தது. நார்வேயில் 1992இல் ஃபேன்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. 1993இல் மேஹெம் குழுவின் யூரோனிமஸ் கொல்லப்பட்டார். மலேசியாவில் 2001இல் கெடுபிடி தொடங்கியது. 2005 கடைசி இரவில் கோலாலம்பூரில் ஓர் இசை நிகழ்ச்சியில் ஏறக்குறைய 380 பேரைப் போலீஸ் பிடித்துப்போனது. மாமாவின் கறுப்புச் சட்டைகள் அலமாரியின் அடியில் போயின. கேசட்டுகள் மட்டும் போகவில்லை.

அவர் பேய் பிசாசுக்காகக் கேட்கவில்லை. அந்தக் கரடுமுரடுக்காகக் கேட்டார். டார்க்த்ரோன் 1994இல் வெளியிட்ட ‘டிரான்சில்வேனியன் ஹங்கர்’ நான்கு டிராக் கருவியில் பதிவானது. இரைச்சலுக்குள் காதைக் கொடுத்துக் காத்திருந்தால்தான் மெட்டு மேலே வரும்.

பிறகு ருத்ரா வந்தது. 1992இல் சிங்கப்பூர்த் தமிழ் இளைஞர்கள் தொடங்கிய குழு. தங்கள் இசையை ‘வேதிக் மெட்டல்’ என்றார்கள். நம்ம ஆளுங்க என்ற பெருமை மாமாவுக்குத் தாங்கவில்லை. 2001இல் ‘தி ஆரியன் குருசேட்’, 2005இல் ‘பிரம்மவித்யா: பிரைமோர்டியல் 1’. சமஸ்கிருதத்தில் ‘ஆரிய’ என்றால் மேன்மையானது என்பது தெரியும். இருந்தும் பெரியார் படம் மாட்டிய வீட்டில் வளர்ந்த எனக்கு அந்தத் தலைப்பு உறுத்தியது. இசை பிடித்திருந்தது, அது போன திசை உபநிஷதத்தின் பக்கம். எங்கள் தோட்டத்துச் சாமி முனியாண்டி. அவருக்கு மந்திரம் இல்லை, சுருட்டும் உறுமியும்தான்.

உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள்; தோல் உறுமும். தோட்டம் துண்டாடப்பட்டு லயங்கள் போன பிறகும், திருவிழாவுக்குத் திரும்பி வரும் பிள்ளைகள் அந்த ஒலிக்குத்தான் ஆடுகிறார்கள். அதையும் போலீசும் பெரியவர்களும் ரௌடிச் சத்தம் என்றே பார்க்கிறார்கள்.

பாட்டிக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டிருக்கிறது. அந்த உறுமலையும் முனியாண்டியையும் கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளும் ஓர் ஆல்பத்துக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.