புறக்கடைக் கோழி வளர்ப்பை விரிவாக்கல்

வீட்டைச் சுற்றி ஐந்து, பத்து நாட்டுக்கோழிகளை மேயவிட்டு வளர்ப்பது புறக்கடைக் கோழி வளர்ப்பு. தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பெண்கள் கையில் உள்ள தொழில். இதைச் சில நூறு கோழிகள் கொண்ட பண்ணையாக வளர்த்தெடுப்பதற்கான ஆய்வுகள், திருவொற்றியூருக்கு மேற்கே மாதவரம் பால்பண்ணையில் உள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் (தொடக்கம் 1989) கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் நடக்கின்றன. முன்பு நந்தனத்தில் இயங்கியதால் அதன் கோழிகளுக்கு 'நந்தனம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

நல்ல இனம் கிடைத்தால் போதும் என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் பெருக்கத்தைத் தடுப்பது முதலில் அடைக்காலம்தான். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். 21 நாளில் குஞ்சு பொரித்து, பிறகு இரண்டு மூன்று மாதம் குஞ்சுகளோடு திரியும். குஞ்சுகளைப் பிரித்துப் பல்பு வெப்பத்தில் வளர்த்தால், தாய் சீக்கிரமே மறுபடி முட்டைக்கு வந்துவிடும். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதன்பின் வாரம் மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே காட்டிக்கொடுக்கும்: பல்புக்கடியில் குவிந்தால் குளிர், ஓரம் ஒதுங்கி வாய் பிளந்தால் சூடு.

அடுத்த தடை வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி போடாத கோழிகளிடையே இந்நோய் புகுந்தால் பெரும்பாலும் கூண்டே காலியாகும். இதில் அளவு சார்ந்த சிக்கல் ஒன்றும் உண்டு. மருந்துக் குப்பி குறைந்தது நூறு கோழிக்கானது. கரைத்தபின் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். நூறு கோழி வைத்திருப்பவருக்கு அது சரியாகப் போகும். பத்து வைத்திருப்பவருக்கு முக்கால்வாசிக்கு மேல் வீண். கோடைக்கு முன் கால்நடை பராமரிப்புத் துறை ஊர்தோறும் முகாம் நடத்துவதன் பயன் இங்கே விளங்கும். மேலே சொன்ன கால்நடைப் பல்கலைக்கழகம் இந்நோய்க்கு உருவாக்கிய வாய்வழிக் குருணை மருந்துக்கு ஊசியே வேண்டாம்.

எண்ணிக்கை கூடினால் மேய்ச்சல் போதாது. தீவனச் செலவு மொத்தச் செலவில் 60 முதல் 70 விழுக்காடு வரை போகும். அசோலா என்ற நீர்ப்பெரணியும் கரையானும் அதைச் சற்றுக் குறைக்கும்.

கடைசித் தடை சந்தை. பல்லடம், உடுமலைப்பேட்டை வட்டார பிராய்லர் ஒப்பந்தத்தில் குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை, விவசாயிக்கு வளர்ப்புக்கூலி. நாட்டுக்கோழிக்காரர் பெரும்பாலும் தாமே சந்தையைத் தேட வேண்டும். புரட்டாசியில் அசைவம் குறைந்து விலை இறங்கும், தீபாவளிக்கு ஏறும். வளர நான்கு மாதம் ஆவதால், தீபாவளிச் சந்தைக்கான குஞ்சுகளை ஆனியிலேயே இறக்கிவிட வேண்டும்.