ஆறு வாரம், மூன்று பேர், ஒரு கழுதை

என் அக்கா மகனும் அவன் மனைவியும் போன வருஷம் ஐரோப்பா போகக் கிளம்பினார்கள். முதுகில் ஆளுக்கு ஒரு பை, கையில் ரயில் பாஸ். பிடித்த ஊரில் தங்குவது, பிடிக்காவிட்டால் மறுநாளே நகர்வது. திட்டம் இல்லை என்பதுதான் திட்டம். ஷெங்கன் விசா படிவம் அதைக் கெடுத்தது. எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஓட்டல், திரும்பி வரும் டிக்கெட் எங்கே, வங்கியில் பணம் எவ்வளவு... "அந்தக் காலத்துல எல்லாம் இப்படியா மாமா போனாங்க?" என்று கடுப்பில் கேட்டான்.

பதில் சொல்லலாம் என்று தேடப் போய், 1814-ஆம் வருஷத்து ஒரு பயணத்தில் மாட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஜூலை 28 விடியற்காலையில் லண்டனில் ஒரு வீட்டை விட்டு மேரி காட்வின் ஓடிப்போனார். வயசு 16. பின்னாளில் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதப்போகிறவர். கூட்டிப்போனவர் கவிஞர் பெர்சி ஷெல்லி, 22 முடிய ஒரு வாரம் இருந்தது. ஜோடி என்று சொன்னாலும் போனது மூன்று பேர். மேரியின் சிற்றன்னை மகள் க்ளேர் க்ளேர்மான்ட்டும் சேர்ந்துகொண்டார். அவருக்கும் 16-தான், மூவரில் பிரெஞ்சு நன்றாகப் பேசத் தெரிந்தவர்.

நாலாவதாக ஒருவர் உண்டு, அவர் பயணத்தில் இல்லை. ஷெல்லியின் மனைவி ஹாரியட். ஒரு வயசு தாண்டிய பெண் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. இவரை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அது எந்த மாதிரி கோடைக்காலம் என்பதையும் சொல்லணும். 1803-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மறுபடி சண்டை மூண்டபோது, சுற்றிப் பார்க்கப் போயிருந்த ஆங்கிலேயர்களை நெப்போலியன் பிடித்து வைத்துக்கொண்டார். பலர் 1814 வரை ஊர் திரும்ப முடியவில்லை. அந்த ஏப்ரலில் அவர் பதவி இழந்தார், மே 30-இல் பாரிஸ் ஒப்பந்தம். கதவு திறந்து இரண்டே மாதத்தில் இவர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

டோவரில் மறுநாள் கப்பல் வரைக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை. சின்னப் படகு ஒன்றைப் பேசி ராத்திரியே ஏறினார்கள். நடுவில் புயல், மேரிக்கு உடம்பு முடியவில்லை, விடியும்போது கலே. பின்னாடியே க்ளேரின் அம்மா துரத்திக்கொண்டு வந்து பெண்ணை அழைத்துப் பார்த்தார். க்ளேர் மறுத்துவிட்டார். அம்மா வெறுங்கையோடு திரும்பினார்.

பாரிஸில் காசு தீர்ந்தது. ஷெல்லி கைக்கடிகாரம் போடாத காலத்து ஆள். சட்டைப் பை கடிகாரத்தையும் சங்கிலியையும் விற்றார். லண்டனிலிருந்து கொஞ்சம் பணம் வரும் வரை ஒரு வாரம் கிடந்தார்கள். அப்புறம் ஒரு யோசனை: சுவிட்சர்லாந்துக்கு நடந்தே போகலாம், பெட்டியைச் சுமக்க ஒரு கழுதை வாங்கலாம். விடுதிக்காரப் பெண்மணி எச்சரித்தார்: பட்டாளத்திலிருந்து கலைத்து விடப்பட்ட சிப்பாய்கள் ஊரெல்லாம் திரிகிறார்கள், பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர்கள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 8-இல் சந்தையில் கழுதை வாங்கினார்கள். பாவம், அதுவே நோஞ்சான். பாரிஸைத் தாண்டியதும் நிற்கும் சாரந்தோன் போய்ச் சேருவதற்குள் கழுதையை இவர்கள் சுமக்காத குறை. அதை விற்றுவிட்டு 10 நெப்போலியன் கொடுத்துக் கோவேறு கழுதை வாங்கினார்கள். நெப்போலியன் என்பது 20 பிராங்க் தங்கக் காசு. ஆளை எல்பா தீவுக்கு அனுப்பிவிட்டார்கள், அவர் பெயரிலான காசு மட்டும் தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்தது! வழியில் ஷெல்லிக்குக் கால் சுளுக்கியது. கடைசியில் அவர் சவாரி, இரண்டு பெண்களும் நடை.

இந்தப் பகுதியில்தான் பயணக் குறிப்பின் தொனி மாறுகிறது. அந்த பிப்ரவரியில் போர் நடந்த வழி இது. நோஜான் ஊரைக் கொசாக்குகள் அடியோடு நாசமாக்கியிருந்தார்கள். கூரை இல்லாத வீடுகள், எரிந்த உத்தரங்கள், பால்கூட இல்லை. ஒரு சிற்றூரில் நெப்போலியன் பதவி இழந்த செய்தியே வந்து சேரவில்லை. ஏன் வீட்டைத் திரும்பக் கட்டவில்லை என்று கேட்டால், கொசாக்குகள் வந்து மறுபடி இடிப்பார்கள் என்கிறார்கள். இவர்களுக்கு இரண்டு மாதப் பழைய சமாதானம், அந்த ஊருக்கு அது இன்னும் வரவே இல்லை.

துருவா நகரில் கோவேறு கழுதையையும் விற்றாகிவிட்டது. 5 நெப்போலியனுக்குத் திறந்த வண்டி, அதை இழுத்துப்போக ஒரு ஆளும் அவன் விலங்கும் இன்னொரு 8. அங்கே உட்கார்ந்து ஷெல்லி ஹாரியட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: நீயும் சுவிட்சர்லாந்து வந்துவிடு, மலையில் உனக்கு நல்ல இடம் பார்த்துத் தருகிறேன், நண்பனாக இருப்பேன். கர்ப்பிணி மனைவிக்கு! எனக்குத் தெரிந்து இதை நியாயப்படுத்த ஷெல்லி ரசிகர்களாலேயே முடிந்ததில்லை.

நூஷாட்டலில் ஒரு வங்கிக்காரர் கடன் கொடுத்தார். ஷெல்லி கித்தான் பை நிறைய வெள்ளிக் காசைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். பிறகு லூசெர்ன் ஏரிக்கரையில் ப்ருன்னென். வில்லியம் டெல் கதை நடந்த நாடு, சுதந்திரத்தின் பிறப்பிடம் என்று வாழவே வந்த இடம். பெரிய, அழகில்லாத ஒரு வீட்டில் இரண்டு அறை, மாசம் ஒரு கினி, ஆறு மாதத்துக்குப் பேசியாகிவிட்டது. குடிபோன மறுநாள் கையில் இருந்ததை எண்ணினால் 28 பவுண்டு. வெளியே மழை, உள்ளே கணப்பு ஒத்துவரவில்லை. ஊருக்குத் திரும்பலாம் என்று முடிவாயிற்று. ஆறு மாதத்துக்கு எடுத்த வீட்டை ஒரு கணப்புக்காக விட்டுப் போகிறோமே என்று க்ளேர் தன் நாட்குறிப்பில் சிரித்திருக்கிறார். அந்தக் குறிப்புகளில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

தண்ணீர் வழிதான் மலிவு. ரொய்ஸ் ஆறு, அப்புறம் ரைன்: பாசெல், ஸ்ட்ராஸ்பர்க், மைன்ஸ், கொலோன். சாதாரண ஜனங்களோடு ஒரே படகு. சமத்துவம் பேசிய இந்த இளைஞர்களுக்கு அவர்களுடைய புகையும் குடியும் தாங்கவில்லை. உட்கார்ந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்று ஷெல்லி ஒருவரை அடித்துக் கீழே தள்ளியும் இருக்கிறார். மேரி அந்தப் பயணிகளைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் முகம் சுளிக்கத் தோன்றும். (ரைன் பக்கம் ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பெயரில் ஒரு கோட்டை உண்டு. நாவலின் பெயர் அங்கிருந்து வந்தது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். மேரியின் நாட்குறிப்பில் அந்தக் கோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.)

ராட்டர்டாம் வந்தபோது பை காலி. பக்கத்துத் துறைமுகத்தில் எதிர்க்காற்று சில நாள் நிறுத்தி வைத்தது. கூலியை லண்டனில் தருகிறோம் என்று சொல்லித்தான் கப்பல் ஏறினார்கள். செப்டம்பர் 13, கிரேவ்ஸெண்ட்.

மேரி இந்தப் பயணத்தை 1817 நவம்பரில் பெயர் போடாமல் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஷெல்லி 'கணவர்', க்ளேர் 'தங்கை'. துரத்தி வந்த அம்மா இல்லை. ஹாரியட் இல்லை. ஆறு வாரக் கதை கிரேவ்ஸெண்டில் இறங்கியதோடு முடிகிறது.

இறங்கியதற்குப் பிறகு நடந்தது நாட்குறிப்புகளில் இருக்கிறது. கூலி வாங்காமல் விடமாட்டேன் என்று படகுக்காரன் லண்டன் வரை கூடவே வந்தான். ஷெல்லி வங்கிக்குப் போனார், கணக்கில் இருந்ததை ஹாரியட் எடுத்திருந்தார். கடைசியில் வண்டி ஹாரியட் இருந்த வீட்டு வாசலில் போய் நின்றது. ஷெல்லி உள்ளே போனார். மேரியும் க்ளேரும் வெளியே வண்டியிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஹாரியட் பணம் கொடுத்தார். படகுக்காரன் போனான்.

நவம்பர் 30-இல் ஹாரியட்டுக்கு ஆண் குழந்தை பிறந்தது. 1816 டிசம்பரில் ஹைட் பார்க் ஏரியிலிருந்து அவர் உடலை எடுத்தார்கள். 21 வயசு. அந்த மாசக் கடைசியிலேயே ஷெல்லியும் மேரியும் கல்யாணம் செய்துகொண்டார்கள். புத்தகத்தில் 'கணவர்' என்று போட முடிந்தது அதனால்தான்.

அக்கா மகனிடம் கழுதைக் கதை வரைக்கும் சொல்லியிருக்கிறேன். விழுந்து விழுந்து சிரித்தான். மீதியை அவன் ஊர் திரும்பியதும் சொல்லணும்.