விட்சண்டே தீவுகள்: மூன்று நாள் பாய்மரப் பயணத்தின் பின்னால் உள்ள கதை

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரையோரத்தில் ஏர்லி பீச் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. முதுகில் பையை மாட்டிக்கொண்டு குறைந்த செலவில் உலகம் சுற்றும் இளைஞர்கள் அங்கே வந்து இறங்குவார்கள். காரணம், எதிரே கடலில் சிதறிக் கிடக்கும் 74 விட்சண்டே தீவுகள். பாய்மரப் படகில் ஏறினால் இரண்டு இரவு, மூன்று பகல் அந்தத் தீவுகளைச் சுற்றிவிட்டுத் திரும்பலாம். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட வேண்டும். பாயை ஏற்றும்போது பயணிகளும் கயிறு இழுக்க வேண்டும்! உள்ளே அடுக்குப் படுக்கைகளில் நெருக்கியடித்துத் தூங்க வேண்டும். வைட்ஹேவன் கடற்கரையின் 7 கிலோமீட்டர் வெள்ளை மணலைப் பார்த்தவர்கள் இந்தச் சிரமத்தை மறந்துவிடுவார்கள். அந்த மணலில் சுமார் 98 சதவீதம் சிலிக்கா.

இந்தப் படகுகளில் பல, ஒரு காலத்தில் பந்தயப் படகுகளாக இருந்தவை. 1974ல் அமெரிக்கா கோப்பைக்காக ஆஸ்திரேலியா அனுப்பிய சதர்ன் கிராஸ், அமெரிக்காவின் கரேஜியஸ் படகிடம் 4-0 என்று தோற்றது. பிறகு அது இங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றது. சிட்னி - ஹோபார்ட் பந்தயத்தில் 1983லும் 1986லும் முதலில் கரை சேர்ந்த கான்டோர் என்ற 80 அடி படகும் அப்படித்தான். கோடீஸ்வரர்களின் படகு எப்படி மாணவர்கள் கைக்கு எட்டியது? பந்தயப் படகின் ஆயுள் குறைவு. விதிகள் மாறும், புதிய வடிவமைப்பு வரும், நேற்றைய வீரன் இன்று பழைய சாமானாகிவிடுவான். பெரிய படகைச் சும்மா நிறுத்தி வைக்கவும் செலவாகும். அதற்கு நிறைய ஆள் வேண்டும், வசதி அதிகம் கிடையாது. இளம் பயணிகளுக்கோ வசதி முக்கியமில்லை, வேலை செய்யவும் அவர்கள் தயார். இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையுமா?

சரி, தீவுகளுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? 1770 ஜூன் 3 அன்று கேப்டன் ஜேம்ஸ் குக் எண்டவர் கப்பலில் இந்தத் தீவுகளுக்கு நடுவே வடக்கு நோக்கிப் போனார். அன்று விட் சண்டே, அதாவது பெந்தெகொஸ்தே ஞாயிறு. எனவே அந்தக் கடல்வழிக்கு அந்தப் பெயரையே வைத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்திலிருந்து மேற்கு நோக்கியே வந்தவர் தேதியில் ஒரு நாளைக் கூட்டியிருக்க வேண்டும், கூட்டவில்லை. சர்வதேசத் தேதிக் கோடெல்லாம் 1884க்குப் பிறகு வந்த விஷயம். இன்றைய கணக்குப்படி பார்த்தால் அவர் அங்கே போனது திங்கட்கிழமை! உலகம் முழுக்க ஞாயிற்றுக்கிழமையின் பெயரால் அழைக்கும் தீவுகள் அவை.

அங்கே ஏற்கனவே பெயர்கள் இருந்திருக்கும் என்பதுதான் முக்கியமான விஷயம். ஒரு தீவின் மணற்கரையில் இரண்டு மனிதர்களையும் பக்கக்கட்டை பொருத்திய ஒரு ஓடத்தையும் பார்த்ததாகக் குக்கே எழுதியிருக்கிறார். அதுவரை அந்தக் கரையோரத்தில் பார்த்த ஓடங்களைவிட அது பெரியது, வேறு மாதிரி செய்யப்பட்டது என்றும் குறித்திருக்கிறார். அந்தத் தீவுகள் ஙாரோ மக்களுடையவை. ஹுக் தீவிலுள்ள நாரா விரிகுடாவின் பாறைக் குகையில் கிடைத்த தடயங்கள், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மனிதர்கள் இருந்ததைக் காட்டுகின்றன. பனியுகம் முடிந்து கடல் மட்டம் உயர்ந்தபோது மலைகளெல்லாம் தீவுகளாயின. அங்கிருந்தவர்கள் கடலோடிகளானார்கள். மரப்பட்டைகளைத் தைத்து ஓடம் செய்தார்கள். ஆமையையும் ஆவுளியாவையும் ஈட்டியெறிந்து வேட்டையாடினார்கள். சவுத் மோல் தீவில் பெரிய கல்லுடைக்கும் இடம் ஒன்றை வைத்திருந்தார்கள். அங்கே வெட்டிய கல் ஓடத்தில் ஏறி மற்றத் தீவுகளுக்கும் போனது. சுற்றுலாப் படகுகள் இன்று ஓடும் அதே நீர்வழிகளில் அவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓடம் வலித்திருக்கிறார்கள்.

1861ல் பக்கத்தில் போவன் துறைமுகம் உருவானதும் நிலைமை மாறியது. வெள்ளையர் மேய்ச்சல் நிலத்துக்கும் மரத்துக்கும் வந்தார்கள். மோதல்கள் நடந்தன. 1878ல் லூயிசா மரியா என்ற கப்பல் விட்சண்டே தீவருகே தாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. அதற்குப் பதிலடி கொடுக்க குயின்ஸ்லாந்தின் 'நேட்டிவ் போலீஸ்' வந்தது. வெள்ளை அதிகாரிகளின் கீழ், வேறு பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பழங்குடியினரே சிப்பாய்களாக இருந்த படை அது. சொந்த இனத்தைக் கொண்டே இனத்தை ஒடுக்கும் இந்த உத்தியை காலனி ஆட்சிகள் பல இடங்களில் கையாண்டிருக்கின்றன. அன்றைய அரசுக் காகிதங்களில் 'கலைத்தல்' என்று எழுதினார்கள். பெரும்பாலும் அதற்கு அர்த்தம் சுட்டுத் தள்ளுவதுதான். சில பத்தாண்டுகளுக்குள் ஙாரோ மக்கள் தங்கள் தீவுகளில் வாழ்ந்த பழைய வாழ்க்கை முடிந்துபோனது. சிட் துறைமுகத்தில் மரம் அறுக்கும் ஆலை வந்தது, தீவுகளில் ஆடு மேய்ந்தது, 1920களிலிருந்து ஓய்வு விடுதிகள் முளைத்தன. பயண விளம்பரங்கள் இந்தத் தீவுகளை மனிதர் காலடி படாத சொர்க்கம் என்று அழைப்பதைப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது. காலடி படாததல்ல, பட்ட காலடிகளை அழித்தது.

1981ல் பெரும் பவளத்திட்டு உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவிக்கப்பட்டது. இந்தத் தீவுகளும் அதில் அடக்கம். 2017 மார்ச் 28 அன்று டெபி புயல் இங்கே கரையைக் கடந்து விடுதிகளையும் பவளப் பாறைகளையும் நொறுக்கியது. படகுகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டன.

மூன்று நாள் பயணத்தில் பல படகுகள் இரவில் நாரா விரிகுடாவில் நங்கூரம் பாய்ச்சும். இருபக்கமும் மலை, காற்று குறைவு, தூங்க வசதியான இடம். ஙாரோ மக்களும் அங்கே தங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். கரையிலிருந்து ஒரு செங்குத்தான சின்னப் பாதை மேலே குகைக்குப் போகிறது. உள்ளே பாறையில் சிவப்பு நிறத்தில் வலை போன்ற கோடுகளும் வட்டங்களும் தீட்டப்பட்டிருக்கின்றன. தொட அனுமதியில்லை. ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப அரை மணி நேரம் போதும்.