மலபந்தமும் அதன் காரணங்களும்

யாழ்ப்பாண அரசர் காலத்தனவென மதிக்கப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் இத்தீபகற்பத்துப் பரியாரிமாரால் வழிவழியாகப் போற்றப்பட்டு வந்தவை. அவர்கள் கைக்கொண்ட முக்குற்றக் கொள்கையின்படி, மலபந்தமாவது கீழ்நோக்கிச் செல்ல வேண்டிய அபானவாயு தன்னிலை பிறழ்ந்ததன் குறியாகும். கடுக்காயும் ஆமணக்கெண்ணெயும் அதனை நேர்செய்யும் மருந்துகள். ஆயினும் நாளடைவிற் குறியே நோயாக எண்ணப்பட்டது. மலக்கட்டே பிணிகளுக்கெல்லாம் மூலம் என்றும், பேதியே அதற்குப் பரிகாரம் என்றும் பொதுமக்கள் துணிந்தனர்.

இதனை நாட்டு வைத்தியத்தின் பேதைமையென்று இகழ்வார் இலண்டனை நோக்குதல் தகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரும்புகழ் பெற்ற இரணவைத்தியர் சேர் ஆபத்நொட் லேன், தேங்கிய மலம் உடலை நஞ்சாக்கும் என நம்பி, நோயாளர் பலரின் பெருங்குடலையே அறுத்தெடுத்தார். நம்மவர் பேதியோடு நின்றனர்.

காரணத்தை உடலின் அமைப்பிலே தேடும் முறையைத் தமிழில் யாழ்ப்பாணத்தாருக்குக் கற்பித்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847 இல் இங்கு வந்த அவர், மானிப்பாயில் மாணவரைப் பயிற்றி, மேலை வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். உறுப்புக்களின் அமைப்பை 'அங்காதிபாதம்' என்றும் அவற்றின் தொழிலைச் 'சுகரணம்' என்றும் வழங்கினார். குடல் இன்ன வடிவினது, இவ்வாறு தொழிற்படுவது என்று தமிழிலே படித்த மாணவனுக்கு, அது ஏன் தொழிற்படவில்லை என்று வினவுதலும் எளிதாயிற்று. 1873 இல் தாயகம் மீண்ட பின்னரும் அவர் இப்பணியைக் கைவிட்டாரல்லர். 'மனுஷ சுகரணம்' 1883 இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே அவர் காலமானார்.

அவ்வினாவுக்குச் சிறந்த விடைகள் பல அவருக்குப் பின்னரே கிடைத்தன. 1886 இல் டென்மார்க்குக் குழந்தை வைத்தியர் ஹேர்ஷ்பிரங், பிறந்தது முதல் மலங்கழியாது வயிறு வீங்கி இறந்த குழந்தைகளைப் பற்றி உரைத்தார். குடலின் அலையியக்கத்தை அதன் சுவரிலுள்ள நரம்புகளே நடத்துகின்றன என்பதை 1899 இல் பெயிலிசும் ஸ்ரார்லிங்கும் காட்டினர். அந்நரம்புக் கலங்கள் குடலின் கடைப்பகுதியில் இல்லாமையே அக்குழந்தைகளின் நோய்க்குக் காரணம் என்பது 1948 அளவில் ஐயமின்றித் தெளிவாயிற்று. அவ்வாண்டிலேயே பொஸ்ரன் நகரத்துச் சுவென்சன் அப்பகுதியை நீக்கும் சிகிச்சையை வெளியிட்டார். ஆமணக்கெண்ணெய் அங்கு என் செய்யும்?

நார்ப்பொருளும் நீரும் குறைந்த உணவு, இயக்கமின்மை என்பன எவரும் அறிந்த காரணங்கள். தைரொயிட்டுச் சுரப்பி தளர்தல், நாட்பட்ட நீரிழிவு, இரத்தத்திற் கல்சியம் மிகுதல், அபின் சார்ந்த மருந்துகள் ஆகியனவும் குடலை மந்தமாக்கும். நடுக்குவாதத்தை 1817 இல் விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன் அந்நோயாளரின் மலபந்தத்தையும் குறித்துள்ளார். பலரில் அது கைந்நடுக்கத்துக்குப் பல்லாண்டு முன்னரே தோன்றுவது பின்னர் அறியப்பட்டது. முதியவர் ஒருவருக்குப் புதிதாக உண்டாகும் மலக்கட்டு, இரத்தங் கலந்தோ உடல் மெலிவோடோ வருமாயின், குடலிற் புற்று வளர்வதன் குறியாதலுங்கூடும். குடல் முற்றாக அடைபட்டவிடத்துக் கொடுக்கும் பேதி அதனைக் கிழித்து உயிரையே போக்கிவிடும்.