நாலு விரல் இடைவெளி

பூச்சிகளைப் படமெடுக்க லென்ஸ் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைத்தான். பூச்சியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க விடும் என்று கேட்பவர் குறைவு. ஆனால் இந்தத் தொழிலின் பழங்கதையைப் புரட்டினால், லென்ஸ் தேர்வை இரண்டாவது கேள்விதான் நடத்தி வந்திருக்கிறது. பெரிதாக்கிக் காட்டும் வேலையைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே மனிதர்கள் ஓரளவு சாதித்துவிட்டார்கள். பூச்சிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி கிடைக்கத்தான் அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் அந்தோனி வான் லேவன்ஹூக் தம் வாழ்நாளில் ஐந்நூறுக்குக் குறையாத லென்ஸ்களைச் செய்தார். அவருடைய கருவிகளில் உத்ரெக்டில் எஞ்சியிருக்கும் ஒன்று ஏறக்குறைய 270 மடங்கு பெரிதாக்கும். அதன் குவியத் தூரமோ 1 மி.மீட்டருக்கும் குறைவு. பார்க்கப்படும் பொருள் கண்ணாடியை உரசாத குறையாக நிற்க வேண்டும். அதனால் அவருடைய கருவியில் லென்ஸுக்கு எதிரே ஓர் ஊசி உண்டு. பேனின் காலோ ஈயின் கண்ணோ அதன் முனையில் ஏறித்தான் ஆகவேண்டும். அதே காலத்தில் லண்டனில் ராபர்ட் ஹூக் வேறு முடிவெடுத்தார். 1665இல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா'வின் முன்னுரையில், ஒற்றை லென்ஸ்தான் தெளிவாகக் காட்டுகிறது என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் அது பொடியாக இருப்பதும், பொருளை அதற்கு அவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோக வேண்டியிருப்பதும் பெருந்தொல்லை என்று சொல்லிக் கூட்டு நுண்ணோக்கியின் பக்கம் போனார். தெளிவில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து இடைவெளியை வாங்கிய முதல் பேரங்களில் இது ஒன்று. அப்படியும் எறும்பு அவருக்கு அடங்கவில்லை. கடைசியில் அதற்கு பிராந்தி ஊற்றி மயக்கித்தான் வரைந்தார். போதை தெளிந்ததும் அது எழுந்து ஓடிப்போனதையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

ஒளிப்படக்கலை பிறந்த பிறகும் இந்த நிலை மாறவில்லை. 1840ஐ ஒட்டி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் சூரிய நுண்ணோக்கி வழியாகப் பூச்சிகளின் இறக்கைகளைப் படமெடுத்தார். இறக்கை தட்டையானது, அசையாதது, பறிக்கப்பட்டது. அன்றைய லென்ஸுக்கும் நீண்ட ஒளியேற்ற நேரத்துக்கும் அதைவிட வசதியான பொருள் கிடைத்திருக்காது. 1910இல் பெர்சி ஸ்மித் எடுத்த சலனப்படத்தில் ஈ ஒன்று தன் கால்களால் பந்தைச் சுழற்றி வித்தை காட்டி லண்டன்வாசிகளை வாய்பிளக்க வைத்தது. அந்த ஈயும் முதுகுப்புறம் பிணைக்கப்பட்ட ஈதான். கொன்றோ கட்டியோ மயக்கியோதான் பூச்சி கேமராவுக்கு முன்னால் வந்தது.

இந்த இடத்தில் வரலாறு வேடிக்கையாகத் திரும்புகிறது. லென்ஸ் பார்ப்பதையே கண்ணும் பார்க்கும் 35 மி.மீ. கேமரா, டிரெஸ்டனின் இஹாகே நிறுவனம் 1936இல் வெளியிட்ட கினே எக்ஸாக்டாவோடு வந்தது. பக்கத்துச் சாளரம் வழியாகப் பார்க்கும் கேமராக்களில் கிட்டத்துப் பொருள் கண்ணுக்கு ஓரிடத்திலும் ஃபிலிமில் ஓரிடத்திலும் விழும். அந்தக் குழப்பம் இதில் இல்லை. 1955இல் ஹைன்ஸ் கில்ஃபிட்டின் 40 மி.மீ. மாக்ரோ-கிலார் வந்தது. துருத்தியோ நீட்டுக்குழாயோ மாட்டாமலே மிக அருகில் ஃபோகஸ் செய்ய அது இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டு நிக்கான் 5 செ.மீ. மைக்ரோ-நிக்கோரைச் செய்தது. அதன் நோக்கம் பூச்சி இல்லை, காகிதம். நெருக்கமான கோடுகள் கொண்ட ஜப்பானிய எழுத்துகளை மைக்ரோஃபிலிமில் சிதையாமல் பதிக்க, பக்கத்தின் நடுவும் ஓரமும் ஒன்றுபோல் கூர்மையாக விழும் லென்ஸ் தேவைப்பட்டது. இன்று பூச்சிக்காரர்கள் கொண்டாடும் மேக்ரோ லென்ஸின் குலம் இப்படி ஆவணக் காப்பக மேசையில் தொடங்குகிறது. காகிதம் பறக்காது, எவ்வளவு நெருங்கினாலும் அதற்குக் கூச்சமில்லை.

காகிதத்துக்குப் போதுமானது தும்பிக்குப் போதவில்லை. எளிய லென்ஸ் கணக்கின்படி, பொருளை அதே அளவில் ஃபிலிமில் விழவைக்க, பொருள் லென்ஸின் மையத்திலிருந்து குவியத் தூரத்தைப்போல் இருமடங்கு தொலைவில் இருக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு அது 10 செ.மீ.; அதிலும் லென்ஸின் முன்பாகம் விழுங்கியது போக மிஞ்சுவதுதான் பூச்சிக்கு. 100 மி.மீ. லென்ஸுக்கு 20 செ.மீ., 200க்கு 40. (உள்ளேயே கண்ணாடிகள் நகரும் இன்றைய லென்ஸ்கள் கிட்டத்தில் தம் குவியத் தூரத்தைச் சுருக்கிக்கொள்வதால் இதைவிடக் குறைவாகவே தரும், விளம்பரம் அதைச் சொல்லாது.) இந்த இடைவெளியின் அருமையைப் பூச்சிக்காரர்களுக்கு முன்பே உணர்ந்தவர்கள் மருத்துவர்கள். 1962இல் நிக்கான் வெளியிட்ட 200 மி.மீ. மெடிக்கல்-நிக்கோரில் லென்ஸைச் சுற்றி வளைய ஃப்ளாஷே பதிந்திருந்தது. அறுவை மேசையை நெருங்காமல் தள்ளி நின்று எடுப்பதற்காக. கிரோன் நிறுவனத்தின் 105 மி.மீ. லென்ஸ் அமெரிக்காவில் வேறு பெயரில் பல் மருத்துவர்களுக்கே விற்கப்பட்டது. திறந்த வாயும் உட்கார்ந்த தும்பியும் கேட்பது ஒன்றைத்தான்: முகத்தில் இடிக்காதே, ஆனால் வெளிச்சம் கொடு. 1979இல் டாம்ரானின் 90 மி.மீ. லென்ஸ் வந்தது. 90க்கும் 105க்கும் இடைப்பட்ட அளவே பூச்சி லென்ஸ் என்ற வழக்கம் பிறகு ஊன்றிக்கொண்டது.

இடைவெளிதான் முக்கியம் என்பதற்கு வலுவான மறுப்பு இயற்பியலிலிருந்து வரும். நுண்விவரத்தின் எல்லையை லென்ஸ் வாங்கும் ஒளிக்கூம்பின் அகலமே தீர்மானிக்கிறது என்று 1873இல் எர்ன்ஸ்ட் ஆபே நிறுவினார். பொருளை நெருங்கினால் சிறிய கண்ணாடியே அகன்ற கூம்பை வாங்கிவிடும். அப்படியானால் நெருங்குவதுதானே முறை? நுண்ணோக்கி மேசையில் இது முழு உண்மை. வயலில் அதன் பயன் கைக்கு வருவதில்லை. அசல் அளவில் எடுக்கும்போது, 35 மி.மீ. ஃபிலிமில் துளையை எஃப் 2.8இல் அகலத் திறந்தால் தெளிவாக விழும் ஆழம் அரை மி.மீட்டர்கூட இல்லை, எஃப் 16க்குச் சுருக்கினாலும் ஏறக்குறைய 2 மி.மீ.தான். உயிருள்ள பூச்சியின் கண்ணும் காலும் ஒரே படத்தில் துலங்க வேண்டுமானால் துளையைச் சுருக்கியே ஆகவேண்டும். சுருக்கிய கணத்தில் அகன்ற கூம்பு போய்விடுகிறது. குட்டை லென்ஸ் அதிக ஆழம் தரும் என்ற நம்பிக்கையும் இங்கே நிற்காது. உருப்பெருக்கமும் துளை எண்ணும் ஒன்றாக இருந்தால், இந்தக் கிட்டத்தில் எல்லா லென்ஸும் கிட்டத்தட்ட ஒரே ஆழத்தையே தரும்.

இன்னொரு மறுப்பை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது. நீள லென்ஸ் பூச்சியைத் தனியே பிரித்தெடுத்து, அது வாழும் செடியையும் வானத்தையும் பின்னால் வெறும் நிறமாகக் கரைத்துவிடுகிறது. 2015இல் வந்த லாவா 15 மி.மீ. அகலக்கோண மேக்ரோ இந்தக் குறையைத் தீர்த்தது: வண்டும் தெரியும், அது ஏறும் கிளையும் தெரியும், பின்னால் தோப்பும் தெரியும். ஆனால் அசல் அளவுக்குப் போனால் லென்ஸ் முகப்புக்கும் வண்டுக்கும் நடுவே 5 மி.மீ.கூட மிஞ்சாது. விடியற்காலைக் குளிரில் விறைத்துக் கிடக்கும் பூச்சி பொறுத்துக்கொள்ளும். வெயில் ஏறிய பின் தும்பி பொறுக்காது. ஆக, இங்கும் யார் எவ்வளவு நெருங்கலாம் என்பதைப் பூச்சிதான் முடிவு செய்கிறது. அகலக்கோண மேக்ரோ நல்ல வேலை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதைப் பொதுவிதியாக்குவதில்தான் ஐயம்.

1999இல் கேனன் கொண்டுவந்த 65 மி.மீ. எம்பி-இ, ஃபிலிமில் ஐந்து மடங்கு வரை பெரிதாக்கும். அந்த உச்சத்தில் பூச்சிக்கு மிஞ்சுவது சுமார் 4 செ.மீ. அதற்கும் மேலே போக விரும்பியவர்கள் நுண்ணோக்கியின் லென்ஸைக் கேமராவில் மாட்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பூச்சிகளை லெவன் பிஸ் எடுத்த படங்கள் 2016இல் காட்சிக்கு வந்தன. 200 மி.மீ. லென்ஸின் முன்னால் 10 மடங்கு நுண்ணோக்கி லென்ஸ். ஆழம் மைக்ரான் கணக்கில் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஒளிப்பதிவுகளை எடுத்து அடுக்கி ஒட்டவேண்டியிருந்தது. ஹூக்கின் எறும்பாவது கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடியது. பிஸ்ஸின் பூச்சிகள் அருங்காட்சியகப் பெட்டியிலிருந்து வந்தவை. படம் முடிந்ததும் அதே பெட்டிக்குத் திரும்பின.