பெயரில்லாத் தூரிகைகள்

ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் புறநகர் மின்தொடரில் சென்னைக்குச் செல்வோர் வந்திறங்கும் நிலையம் மூர் மார்க்கெட் வளாகம். 1985இல் தீக்கிரையான பழைய புத்தகச் சந்தையின் பெயரை அந்நிலையம் இன்றும் தாங்கி நிற்கின்றது. தமிழறிஞர்கள் கிடைத்தற்கரிய பதிப்புகளைத் தேடிச் சென்ற அதே கடைகளில், இளைஞர் கூட்டமொன்று கையடக்கமான ஆங்கிலப் போர்ச் சித்திரக்கதைகளைத் தேடிச் சென்றது. பீரங்கி வண்டிகளும் போர் விமானங்களும் கறுப்பு மையில் சீறிப் பாயும் அந்நூல்களை வரைந்தவர் யார் என்பது அவற்றில் எங்கும் குறிக்கப்பெறவில்லை. அப்பெயர்களைக் கண்டெடுத்த முயற்சியே மூலப்படச் சேகரிப்பின் வரலாறு ஆகும்.

இவ்வரலாற்றை ஆவடி மண்ணில் நின்று நோக்குவது பொருத்தமுடையது. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் வெளிப்போந்த விஜயந்தா பீரங்கி வண்டியின் வடிவமைப்பு, விக்கர்ஸ் என்னும் பிரித்தானிய நிறுவனத்தினுடையது. அங்கு வரையப்பெற்றது இங்கு உருவாயிற்று. சித்திரக்கதையும் அவ்வாறே வந்தது. 1972இல் சிவகாசியில் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக வெளியிட்ட ‘இரும்புக்கை மாயாவி’ இலண்டன் வார இதழொன்றில் வந்த தொடராகும். அதனை வரைந்தவர் ஜெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். தமிழ்ச் சிறுவர் மாயாவியை அறிந்த அளவுக்குப் பிளாஸ்கோவை அறிந்திலர். 1984இல் லயன் காமிக்ஸ் தோன்றிய பின்னரும் நெடுங்காலம் நிலைமை பெரிதும் மாறவில்லை. குறை தமிழ்ப் பதிப்பாளருடையதன்று. அப்பெயர் மூல இதழிலேயே இல்லை.

பிரித்தானியப் போர்ச் சித்திரக்கதை நூல்களின் பெருக்கம் 1958இல் ‘வார் பிக்சர் லைப்ரரி’ என்னும் வரிசையோடு தொடங்கிற்று. 1961இல் டண்டீ நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனம் ‘கமாண்டோ’ வரிசையைத் தொடங்கியது. இவ்வரிசை 2017இல் 5,000ஆம் இதழைக் கடந்தது குறிப்பிடத்தக்கது. மாதந்தோறும் இத்தகைய நூல்கள் பலவற்றை நிரப்ப இங்கிலாந்தின் ஓவியர்கள் போதவில்லை. முகவர்கள் வழியாக இத்தாலியிலும் ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் இருந்த ஓவியர்கள் அமர்த்தப்பெற்றனர். பிற்காலத்தில் உலகப் புகழ் எய்திய இத்தாலிய ஓவியர் ஹியூகோ பிராட் அவர்களுள் ஒருவர்.

மூலப்படம் என்பது அச்சுப் பக்கத்தினும் அளவிற் பெரிய தடித்த தாளில் இந்திய மையால் வரையப்பெற்றது. பிழைகள் வெள்ளை வண்ணத்தால் மறைக்கப்பெறும். அச்சிட்ட உரையாடல் துண்டுகள் அதன்மேல் ஒட்டப்பெறும். பிறகு ஒளிப்படமெடுத்துச் சிறிதாக்கி அச்சுத்தகடு செய்வர். தகடு உருவானதும் மூலப்படத்தின் பயன் தீர்ந்ததாகவே பதிப்பகங்கள் கருதின. உரிமை முழுவதையும் விலைக்குக் கொண்டமையால் அதனை ஓவியரிடம் திருப்பித் தரவும் இல்லை. கிடங்கில் இடம் போதாதபோது பல பக்கங்கள் கழிவுத்தாளாயின. இரக்கங்கொண்ட பணியாளர் கையிற் சிக்கியவையும், மறு அச்சுக்கென ஒதுக்கப்பெற்றவையுமே எஞ்சின. ஆடிப் பெருக்கில் ஆற்றில் விடப்பெற்ற ஓலைச்சுவடிகளின் கதையை அறிந்த தமிழ் உள்ளத்திற்கு இவ்விழப்பை விளக்க வேண்டுவதில்லை.

எஞ்சியவற்றைத் தேடியோர் முதலில் வாசகரே ஆவர். இளமையிற் படித்த நூலின் ஒரு பக்கத்தையேனும் கைவசம் கொள்ள வேண்டும் என்ற ஆசையே அவர்களைத் தூண்டிற்று. ஆயினும் கையொப்பமில்லாத ஒரு பக்கத்தை இன்ன நூலினது என்று தெளிய அச்சுப் பிரதியோடு கட்டங்கட்டமாக ஒப்பிடுதல் வேண்டும். இன்னார் வரைந்தது என்று துணிய, புகை சுழலும் முறை, காலணியின் மடிப்பு, விரல்களின் வளைவு ஆகியவற்றைப் பல நூல்களில் வைத்து நோக்குதல் வேண்டும். பாட வேறுபாடு கண்டு ஆசிரியரைத் துணியும் பதிப்பாசிரியரின் உழைப்புக்கு இது ஒப்பானது. 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர் சிதைந்த ஏடுகளுக்கிடையே புலவர் பெயர்களையும் தேடினார் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

பெயரின்மையால் விளைந்த கொடுமைக்கு அமெரிக்காவில் இரு சான்றுகள் உள. 1962இல் வெளிவந்த போர்ச் சித்திரக்கதை ஒன்றில் இர்வ் நோவிக் வரைந்த கட்டத்தைத் தழுவி, ராய் லிக்டன்ஸ்டைன் 1963இல் ‘வாம்!’ என்னும் பேரோவியத்தைத் தீட்டினார். 1966இல் இலண்டன் டேட் கலைக்கூடம் அதனை வாங்கிற்று. தழுவியவர் பெயர் உலகறிந்தது. வரைந்தவர் பெயரைச் சேகரிப்போரும் ஆய்வோருமே எடுத்துரைத்தனர். மற்றொருவர் ஜாக் கிர்பி. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியக் களத்தில் நின்று போரிட்டவர். 1963இல் ‘சார்ஜன்ட் ஃபியூரி’ என்னும் போர்க்கதைத் தொடரை வரைந்தவர். தம் மூலப்படங்களைத் திரும்பப் பெற மார்வெல் நிறுவனத்தோடு பல்லாண்டு போராடினார். 1987இல் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 2,000 பக்கங்கள். அவர் வரைந்தவையோ 10,000க்கும் மேற்பட்டவை.

இங்கிலாந்தில் மாற்றம் மெல்ல வந்தது. 1977இல் ‘2000 ஏ.டி.’ இதழில் கெவின் ஓ’நீல் என்னும் இளம் பணியாளர் ஒவ்வொரு கதையிலும் படைப்பாளர் பெயரைப் பொறித்த சிறு பெட்டியைச் சேர்த்தார். 1979இல் ‘பேட்டில்’ இதழில் தொடங்கிய ‘சார்லிஸ் வார்’, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் மாண்ட எளிய வீரர்க்குக் கையறுநிலை பாடியது போன்றது. எழுதியவர் பாட் மில்ஸ். வரைந்தவர் ஜோ கொல்கூன். 2016இலும் 2018இலும் ரெபெல்லியன் நிறுவனம் பழைய ஃபிளீட்வே கருவூலத்தை விலைக்குப் பெற்றது. 2020இல் ஹியூகோ பிராட்டின் ‘பேட்டில் ஸ்டேஷன்ஸ்’ அவர் பெயர் தாங்கிய தனி நூலாக வெளிவந்தது. 1960களின் தொடக்கத்தில் பெயரின்றி வெளியான கதை அது.

சேகரிப்பில் மாசும் உண்டு. விலை ஏறியபோது நூல்கள் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்கப்பெற்றன. ஒரே கதை பல வீடுகளில் சிதறிற்று. வரைந்தவர்க்கோ அவர் வழியினர்க்கோ அவ்விலையில் பங்கு பெரும்பாலும் இல்லை. ஆயினும் அச்சேகரிப்பு இல்லையேல் படமும் இல்லை, பெயரும் இல்லை.

போரையும் படத்தையும் பெயரையும் இணைத்துப் போற்றியது தமிழ் மரபு. காட்சி முதல் வாழ்த்து ஈறாக நடுகல்லின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. வீழ்ந்த வீரனின் உருவும் பெயரும் கல்லில் நின்றன. செதுக்கிய சிற்பியின் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை. அக்குறையே தாளிலும் தொடர்ந்தது. தமிழ்ப் படக்கதைகளுக்கு அட்டைப்படம் தீட்டியோர், சிறுவர் இதழ்களில் இதிகாசப் போர்களை வரைந்தோர் ஆகியோரின் மூலப்படங்கள் பழைய பேப்பர் கடையின் தராசுத்தட்டை அடையும் முன்னர்த் தேடப்பெறுதல் வேண்டும். கவிஞர் கையெழுத்துப் படியைப் போற்றும் இலக்கிய வட்டங்கள் ஓவியர் கைப்படத்தையும் போற்றி, அதன் பின்புறத்தில் வரைந்தவர் பெயரை எழுதி வைப்பின், ஒரு தலைமுறையின் கடன் தீரும்.