மலையேறிய பாட்டனார்

மன்னர்களின் பெயரைக் கல்வெட்டும் செப்பேடும் காத்து வருகின்றன. காட்டைத் திருத்தி நாட்டை வளமாக்கிய எளிய மக்களின் பெயரைக் காப்பவர் யாவர்? பெரும்பாலும் அவர்தம் பேரன் பேத்தியரே. கேரளத்தின் கிழக்கெல்லையில், பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், ‘எங்கள் பாட்டனார் பிழைப்பைத் தேடி இங்கு வந்தார்’ என்னும் சொல்லோடுதான் குடும்ப வரலாறு தொடங்குகிறது. அந்தப் பாட்டனார் எங்கிருந்து வந்தார், எதற்காக வந்தார், அவரை நினைவில் வைப்பது ஏன் இன்றியமையாதது என்பனவற்றை ஈண்டு நாம் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பாலக்காட்டில் மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கிறது. அக்கணவாயின் வழியே வணிகரும் உழவரும் நெசவாளரும் பன்னெடுங்காலமாகப் போக்குவரவு செய்து வந்துள்ளனர். கொழிஞ்சாம்பாறை, முதலமடை போன்ற ஊர்களில் இன்றும் கொங்குத் தமிழைக் கேட்கலாம். ஆயின், தெற்கே மூணாற்று மலையில் அத்தகைய எளிய வழி இல்லை. அங்குச் சென்றவர் செங்குத்தான மலையை ஏறியே செல்ல வேண்டியிருந்தது.

1877ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசர், கண்ணன் தேவன் மலைப்பகுதியை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு உரிமையாக எழுதிக் கொடுத்தார். மதுரையிலிருந்து வந்த பாண்டிய மரபினர் என்று சொல்லப்படுவது அவ்வரசர் குடி. தாமே ஒரு காலத்தில் இடம்பெயர்ந்து வந்த குடியினர் கொடுத்த மலையில், பிற்காலத்தில் எண்ணற்ற தமிழர் குடியேறினர். காப்பியும் சிங்கோனாவும் பயிரிட்டுப் பார்த்த தோட்டக்காரர்கள், 1880ஆம் ஆண்டளவில் தேயிலையை நட்டனர். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி தோன்றியது. தேயிலைக்கு நிலமும் மழையும் இருந்தன. உழைக்கும் கைகளே வேண்டியிருந்தன.

அதே காலத்தில் தமிழகச் சமவெளியின் நிலை என்ன? 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. அது நீங்கிய பின்னரும், நிலமற்ற உழவுத் தொழிலாளரின் வீட்டில் அடுப்பு எரிவது அரிதாகவே இருந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளின் சிற்றூர்களுக்குக் கங்காணிகள் வந்தனர், முன்பணம் கொடுத்தனர், ஆள் சேர்த்தனர். அவ்வாறு சேர்ந்தவருள் மிகப் பலர், ஊரில் சாதிக் கொடுமையால் ஒதுக்கப்பட்டிருந்த ஒடுக்கப்பட்ட மக்கள். போடிநாயக்கனூரைத் தாண்டிக் குரங்கணி வழியாகக் கால்நடையாகவே மலையேறினர். பாட்டனார் தலையில் மூட்டையும், பாட்டியார் இடுப்பில் குழந்தையுமாகச் சென்ற பயணம் அது.

மலையில் அவர்களை வரவேற்றவை குளிரும் அட்டையும் மலைக்காய்ச்சலுமே. லயம் எனப்படும் நீண்ட வரிசை வீடுகளில் ஓர் அறையே குடும்பத்தின் உலகம். விடியலில் பெயர் கொடுத்தல், ஆடவருக்குக் கவாத்து வெட்டுதல், பெண்டிருக்குக் கொழுந்து கிள்ளுதல். மாலையில் எடை போடுதல். முன்பணக் கடன் தீராமையால் ஊர் திரும்ப இயலாதவர் பலர். 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குண்டளைப் பள்ளத்தாக்கின் சிற்றிருப்புப் பாதையை அடித்துச் சென்றது. அந்த இருப்புப் பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. தேயிலைச் செடிகளோ மீண்டும் நிமிர்ந்தன. நிமிர்த்தியவை யாருடைய கைகள் என்று சொல்லவும் வேண்டுமோ?

பாட்டனார் மலையேறியபோது சென்னை மாகாணத்திலிருந்து திருவிதாங்கூர் அரசுக்குள் சென்றார். அவர் அதனை ஓர் எல்லையாகக் கருதியிருக்கமாட்டார். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு நின்றன. அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும் கேரளத்தைச் சேர்ந்தது. தேவிகுளம் பற்றிய வழக்கில், அங்குத் தமிழரே மிகுதி என்றனர் ஒரு சாரார். அவர்கள் வேலைக்கு வந்து போகும் மக்களே என்றனர் மறு சாரார். ஐம்பது ஆண்டு உழைத்தவரும் வந்து போகிறவராகவே எண்ணப்பட்டார்.

இவ்வரலாறு பழங்கதை அன்று. பட்டியல் சாதிகள் பற்றிய குடியரசுத் தலைவரின் ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் பிறந்தது. அந்நாளுக்கு முன்னரே தம் முன்னோர் இன்றைய கேரள எல்லைக்குள் வாழ்ந்தனர் என்று காட்ட இயலாத குடும்பங்கள், சாதிச் சான்றிதழ் பெற இயலாமல் இடர்ப்படுகின்றன. கல்லூரியில் சேர விரும்பும் பேத்தி, தோட்டத்தின் பழைய பெயரேட்டில் தன் பாட்டனாரின் பெயரைத் தேட நேர்கிறது. நிலப் பட்டா இல்லாதவருக்கு அந்த ஒரு வரியே பட்டயம். அவர் கைநாட்டு வைத்த ஏடு செல்லரித்துப் போனால், அவர் உழைப்புக்குச் சான்று ஏது?

வீட்டின் கதையும் அத்தகையதே. வேலை உள்ள வரையில் லயத்தில் இடமுண்டு. ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். வீட்டைக் காக்க மகன் தோட்டத்தில் பெயர் பதிந்தான். அவனுக்குப் பின் அவன் பிள்ளையும் பதிந்தான். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் மறைந்தன. கயத்தாற்றுப் பகுதியிலிருந்து வந்த பாட்டன்மாரின் வழித்தோன்றல்கள் அங்குத் துயின்றிருந்தனர். தலைமுறை பல கடந்தும் சொந்த மண் இல்லாமற்போனதன் துயரத்தை நாடு அன்று கண்டது.

ஆதலின், பாட்டனாரை நினைப்பது அன்பின் கடமை மட்டுமன்று. உரிமையின் காவலும் ஆகும். இல்லத்தில் மூத்தோர் இருப்பின், அவர் பிறந்த ஊர், மலையேறிய வழி, சேர்ந்த தோட்டம், கங்காணியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைப்போம். பழைய சம்பளச் சீட்டையும் பள்ளிச் சான்றையும் பேணுவோம். தோட்டங்களின் பெயரேடுகளை ஆவணக் காப்பகங்கள் காக்க வேண்டும் என்று கேட்போம். ஒரு கோப்பைத் தேநீரை அருந்தும் நாம் அனைவருமே, அந்த மலையேறிய பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் கடன்பட்டவர்களே.